கோர்டன் பியூரிக்

கோர்டன் மில்லர் பியூரிக் (ஜூன் 18, 1904 – ஜனவரி 22, 1990) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தானுந்து வடிவமைப்பாளரும் உடற்கூட்டுப் பொறியாளரும் ஆவார். டியூசன்பர்க் ஜே தானுந்துக்கான பல உடற்கூடுகள், ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர், கோர்ட் 810, கான்டினென்டல் மார்க் 2 ஆகியவை இவரது பெயருடன் இணைத்துப் பேசப்படுகின்றன. கழற்றி மாட்டக்கூடிய இரு பலகங்களைக் கொண்ட "டி-கூரை" என்னும் அமைப்புக்கு 1951 இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. இத்தானுந்துகள் சில நூறுகளிலும் சில ஆயிரங்களிலும் மட்டுமே உருவாயின. அக்கூரையோ பிற்காலத்தில் இலட்சக்கணக்கான தானுந்துகளில் இடம்பெற்றது. அத்துடன், மழைநீர் உள்ளே ஒழுகுகிறது என்னும் குறையும் பல ஆண்டுகள் அதனை விட்டு நீங்கவில்லை. பழைய தானுந்துகளின் கூரையை மாற்றியமைப்போர் இன்றும் எதிர்கொள்ளும் நீர்வடிகால் சிக்கலைப் புரிந்துகொள்ள இவரது பணிகள் உதவும்.

இளமைக்காலம்

பியூரிக் இலினாய் மாநிலத்தின் மேசன் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். பியோரியா நகரின் பிராட்லி தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் சிறிது காலம் பயின்றார். தானுந்து வடிவமைப்பு என்று ஒரு தனிப் படிப்பு அக்காலத்தில் இல்லை. தச்சு வேலை, தகட்டு வேலை, பொறியியல் வரைபடம் ஆகியவற்றைப் பட்டறையில் நின்று கற்றுக்கொள்வதே அத்துறையில் நுழையும் வழியாக இருந்தது. 1924 இல் டெட்ராய்ட் பகுதியில் இருந்த காட்ஃபிரட்சன் உடற்கூட்டு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் பேக்கார்டு நிறுவனத்திலும், 1927 இல் ஜெனரல் மோட்டார்ஸ் புதிதாகத் தொடங்கிய கலை, வண்ணப் பிரிவிலும் பணியாற்றினார். ஹார்லி ஏர்ல் தலைமையிலான அப்பிரிவே பெரிய தானுந்து நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புக்கென அமைந்த முதல் தனித்துறை எனக் கருதப்படுகிறது. அங்கிருந்து ஸ்டட்ஸ் நிறுவனத்துக்குச் சென்ற பியூரிக், 1929 இல் டியூசன்பர்க் நிறுவனத்தின் தலைமை உடற்கூட்டு வடிவமைப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25.

டியூசன்பர்க் காலம்

டியூசன்பர்க் ஜே தானுந்தை நிறுவனம் பெரும்பாலும் அடிச்சட்டமாகவே விற்றது. எந்திரமும் சக்கரங்களும் பொருத்தப்பட்ட அந்த அடிச்சட்டத்தின் விலை மட்டும் தொடக்கத்தில் 8,500 டாலர். அதன் மேல் உடற்கூட்டைக் கட்டித்தருவது மர்ஃபி, டெர்ஹம், ரோல்ஸ்டன் போன்ற தனி நிறுவனங்களின் தொழில். வரைபடம் டியூசன்பர்க்கில் உருவாகும், வண்டி வேறொரு நகரின் பட்டறையில் உருப்பெறும். பியூரிக் வரைந்த உடற்கூடுகளில் 1933 ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட "ட்வென்ட்டி கிராண்ட்" பெரும் புகழ் பெற்றது. அதன் விலையான 20,000 டாலரே அதற்குப் பெயராகவும் ஆயிற்று.

அக்காலத்து உடற்கூடுகள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை இங்கே சற்று விளக்குவது தகும். உறுதியான மரச்சட்டங்களை இணைத்து ஒரு கூடு செய்து, அதன் மேல் எஃகு அல்லது அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். கூரையின் நடுப்பகுதி பெரும்பாலும் உலோகமாக இராது. மரப்பட்டிகளின் மேல் நீர்புகாத் துணியை இழுத்துக் கட்டி, ஓரங்களில் ஆணி அடித்து, அந்த ஆணி வரிசையை ஒரு மெல்லிய பட்டையால் மறைப்பார்கள். கூரை முழுவதையும் மூடும் அளவுக்கு அகலமான எஃகுத் தகட்டை ஒரே வீச்சில் அழுத்தி வளைக்கும் வசதி 1930களின் நடுப்பகுதி வரை பரவலாகக் கிட்டவில்லை. துணி முதுமையடைந்து சுருங்கும்போது ஆணித்துளைகளின் வழியே நீர் கசியும். கசிந்த நீர் மரத்தூண்களின் உட்புறமாக இறங்கி, கதவடியில் உள்ள மரத்தில் தேங்கும். ஆகவேதான் இவ்வகைத் தானுந்துகளைப் புதுப்பிப்போர், பளபளக்கும் மேற்பரப்பைப் பாராமல், முதலில் தூண்களின் அடிமுனையைக் கூரிய கருவியால் குத்திப் பார்க்கிறார்கள். கூரையில் தொடங்கிய குறை அடியிலேயே வெளிப்படும்.

ஆபர்ன் ஸ்பீட்ஸ்டர்

1933 இல் பியூரிக் சிறிது காலம் ஜெனரல் மோட்டார்சுக்குத் திரும்பினார். அங்கு நடந்த உள்போட்டி ஒன்றில், எந்திர அறையைத் தூசியும் சேறும் புகாதவாறு மூடிவிட்டு, வெப்பநீக்கிகளை வெளியே இருபுறமும் வைக்கும் ஒரு வடிவத்தை முன்வைத்தார். நடுவர்கள் அதனைக் கடைசி இடத்தில் வைத்தனர். மனநிறைவு பெறாத அவர், அதே கருத்துடன் டியூசன்பர்க்குக்கு மீண்டார். டியூசன்பர்க், ஆபர்ன், கோர்ட் ஆகிய மூன்றும் அப்போது ஒரே குழுமத்தின் கீழ் இருந்தன. பொருளாதாரப் பெருமந்தத்தால் மூன்றுமே தள்ளாடிக்கொண்டிருந்தன.

ஆபர்ன் நிறுவனத்திடம் முந்தைய ஸ்பீட்ஸ்டர் வகைக்கெனச் செய்து விற்காமல் தேங்கிய உடற்கூடுகள் இருந்தன. அவற்றை ஆலன் லீமி என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கியிருந்தார். புதிய உடற்கூட்டுக்கு அச்சு செய்யப் பணம் இல்லாத நிலையில், இருக்கும் கூடுகளையே மாற்றியமைத்துப் புதுத் தோற்றம் தரும் பொறுப்பு பியூரிக்கிடம் வந்தது. முன்பகுதியையும் சக்கரக் காப்புகளையும் புதிதாக வரைந்தார். படகின் பின்முனை போலக் கூர்ந்து முடியும் வால்பகுதியைத் திருத்தினார். துணிக்கூரையை மடித்து இருக்கைக்குப் பின்னுள்ள உலோக மூடியின் கீழ் முழுவதுமாக மறைத்துவிட்டார். 1935 இல் வெளிவந்த ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர் இவ்வாறு பிறந்ததே. 150 குதிரைத்திறன் கொண்ட, மிகையூட்டி பொருத்திய எட்டு உருளை எந்திரம் அதற்கு இருந்தது. மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிப் பார்க்கப்பட்டது என்று ஓட்டுநர் ஆப் ஜென்கின்சின் கையொப்பத்துடன் ஒரு தகடு ஒவ்வொன்றின் முகப்புப் பலகையிலும் பொருத்தப்பட்டது.

இன்று அமெரிக்கத் தானுந்து அழகின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இவ்வண்டி, உண்மையில் மிச்சத் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு மாற்றியமைப்பு வேலை என்பது பலரும் அறியாதது.

கோர்ட் 810

பியூரிக்கின் பெயரை நிலைநாட்டியது கோர்ட் 810 ஆகும். முன்சக்கர இயக்கம் கொண்ட இத்தானுந்து 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமானது. ஏறிச்செல்லும் படிப்பலகை இதில் இல்லை. தரை தாழ்வாக இருந்ததால் அது தேவைப்படவும் இல்லை. முகப்பு விளக்குகள் சக்கரக் காப்புகளுக்குள் மறைந்திருந்தன. உள்ளிருந்து கைப்பிடியைச் சுழற்றினால் அவை வெளிவரும். குழுமத்துக்குச் சொந்தமான ஸ்டின்சன் வானூர்தி நிறுவனத்தின் தரையிறங்கு விளக்குகளே இதற்குப் பயன்பட்டன. எந்திர மூடியைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓடும் கோடுகளே வெப்பநீக்கிக்குக் காற்று நுழையும் வாயிலாகவும் அமைந்தன.

இதன் கூரை எஃகாலானது. ஆயினும் பெரிய அழுத்துப்பொறி வாங்க வசதியற்ற நிறுவனம், சிறு துண்டுகளை அழுத்தி, அவற்றைப் பற்றவைத்து, இணைப்புகளை ஈயக் கலவையால் நிரப்பித் தேய்த்து ஒரே பரப்பாக்கியது. செலவு குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த இவ்வேலை, கைவேலை மிகுதியால் செலவைக் கூட்டியது. கண்காட்சிக்குள் நூறு வண்டிகளைக் கட்டி முடிக்க வேண்டிய அவசரத்தில், பல வண்டிகள் கியர்ப்பெட்டி இல்லாமலேயே அங்கு நிறுத்தப்பட்டன. கூட்டம் அலைமோதியது, முன்பதிவுகள் குவிந்தன, ஆனால் வண்டிகள் காலத்தில் வந்து சேரவில்லை. 810, அதன் பின்வந்த 812 இரண்டும் சேர்த்துச் சுமார் 3,000 தானுந்துகளே உருவாயின. 1937 இல் உற்பத்தி நின்றது.

டாஸ்கோவும் காப்புரிமையும்

கோர்டுக்குப் பின் பியூரிக் பட் உடற்கூட்டு நிறுவனத்திலும், 1940களில் ரேமண்ட் லோவியின் குழுவுடன் ஸ்டூடிபேக்கரிலும் பணிபுரிந்தார். ஐரோப்பிய விளையாட்டுத் தானுந்துகளுக்குப் போட்டியாக அமெரிக்காவிலும் ஒன்றைச் செய்ய விரும்பிய சிலர் தொடங்கிய "தி அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி" அவரை நாடியது. பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது டாஸ்கோ எனப்பட்டது. 1948 இல் பென்சில்வேனியாவின் டெர்ஹம் பட்டறையில், மெர்க்குரி அடிச்சட்டத்தின் மேல் ஒரே ஒரு முன்மாதிரி கட்டப்பட்டது. போர் விமானத்தின் ஓட்டுநர் அறையை நினைவூட்டும் வகையில் அதன் உள்ளமைப்பு இருந்தது. முன்சக்கரங்களை மூடிய காப்புகள் சக்கரங்களுடன் சேர்ந்து திரும்பின. பணம் திரளாததால் முயற்சி அத்துடன் நின்றது. பியூரிக்கே பிற்காலத்தில் இவ்வடிவத்தைத் தமது வெற்றிகளில் சேர்க்கவில்லை.

இருப்பினும் டாஸ்கோவின் கூரை தனித்து நின்றது. கூரை முழுவதையும் துணியாக்கினால் உடற்கூடு வலுவிழக்கும், முழுவதையும் எஃகாக்கினால் வானத்தைக் காண முடியாது. பியூரிக் இவற்றுக்கிடையே ஒரு வழி கண்டார். முகப்புக் கண்ணாடியின் மேற்சட்டத்திலிருந்து பின்கூரை வரை நடுவில் ஒரு தண்டு நீளும். அதன் இருபுறமும் ஓட்டுநருக்கு ஒன்றும் பயணிக்கு ஒன்றுமாக இரு பலகங்கள் பொருந்தும். வேண்டும்போது அவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்க்கையில் நடுத்தண்டும் குறுக்குச் சட்டமும் சேர்ந்து ஆங்கில "டி" எழுத்தைப் போலத் தோன்றுவதால் பிற்காலத்தில் டி-கூரை என்னும் பெயர் வந்தது. 1948 இல் பதியப்பட்ட விண்ணப்பத்துக்கு 1951 ஜூன் 5 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. அதே 1951 இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுத் தானுந்துகளைக் கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைத்தபோது, அவற்றுள் கோர்ட் 812 உம் ஒன்றாக இடம்பெற்றது.

டி-கூரையும் மழைநீரும்

வீட்டுக் கூரைக்கு இறவாரமும் பீலியும் எப்படியோ, தானுந்துக் கூரைக்கு அதன் ஓரத்தில் ஓடும் சிறு காடி அப்படி. பழைய எஃகுக் கூரைத் தானுந்துகளில், கூரைத் தகடும் பக்கத் தகடும் சேர்த்துப் பற்றவைக்கப்படும் விளிம்பே கதவுக்கு மேலாக ஒரு பீலியாக வளைக்கப்பட்டிருக்கும். கூரையில் விழும் நீர் அதில் இறங்கி, முன்னும் பின்னும் பிரிந்து, தூண்களின் வெளிப்புறமாக வடியும். கதவைத் திறக்கும் நொடியில் கூரை நீர் மடியில் கொட்டாமல் காப்பதும் இதுவே.

டி-கூரையில் கழற்றும் பலகம் கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பு வரை நீள்வதால், பீலி இருக்கவேண்டிய இடமும் பலகத்துடன் போய்விடுகிறது. முன்பு ஒரே பரப்பாக இருந்த கூரையில் இப்போது ஒவ்வொரு பலகத்தைச் சுற்றியும் நான்கு இணைப்புகள் உள்ளன: முன்னே கண்ணாடிச் சட்டம், பின்னே கூரைத் தகடு, உட்புறம் நடுத்தண்டு, வெளிப்புறம் கதவுக் கண்ணாடி. முதல் மூன்றும் அசையாத பொருள்களோடு அமைபவை. நான்காவதோ ஏறி இறங்கும் கண்ணாடியோடு அமைவது. முகப்புத் தூண், பலகம், கதவுக் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒரு புள்ளியில் கூடும் முன்மூலையே பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணமாகும். மூன்று ரப்பர் வார்கள் அங்கே சந்திக்கின்றன. கதவு சற்றே தொங்கினாலும் அவற்றில் ஒன்று மற்றொன்றிலிருந்து விலகிவிடும்.

ரப்பர் வாரை மேலும் தடிப்பாக்கினால் கசிவு நின்றுவிடும் என்பது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் அது நெடுநாள் நிலைப்பதில்லை. இரு பரப்புகள் மிக நெருங்கியிருக்கும் மெல்லிய இடைவெளியில் நுண்புழை ஈர்ப்பினால் நீர் தானாகவே உள்ளே ஏறும். அத்துடன் வண்டி விரைந்து ஓடும்போது கூரைக்கு மேல் காற்றழுத்தம் குறைவதால், பலகம் சற்று மேலெழ முயன்று வாரின் பிடியைத் தளர்த்தும். ஆகவே தேர்ந்த வடிவமைப்புகள் இரு அடுக்குகளாகச் செயல்படுகின்றன. வெளி வார் பெரும்பகுதி நீரைத் தடுக்கும். அதைத் தாண்டி வரும் நீரை, வாருக்கு உட்புறமாகச் சுற்றியோடும் அகன்ற காடி ஒன்று ஏந்திக்கொள்ளும். நுண்புழை ஈர்ப்பு அறுந்துபோகும் அளவுக்கு அக்காடி அகலமாக இருக்க வேண்டும். அங்கிருந்து மூலைகளில் உள்ள வடிகுழாய்கள் நீரைத் தூண்களின் உள்ளே இறக்கி வண்டிக்கு அடியில் விடும். நீர் உள்ளே வரும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, அதற்கு வழி விடுவதே இவ்வமைப்பின் அடிப்படை.

வடிகுழாய் முன்னும் பின்னும் தேவை. மேட்டில் முகம் மேல்நோக்கி நிறுத்திய வண்டியில் முன்குழாய்க்கு நீர் வராது. பின்குழாய் இல்லையெனில் காடி நிரம்பிப் பின்னிருக்கையில் வழியும்.

ஃபோர்டு நிறுவனத்தில்

1949 இல் பியூரிக் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்து 1965 இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றினார். 1951 ஆம் ஆண்டின் ஃபோர்டு விக்டோரியா அவரது பங்களிப்பாகும். திறந்த தானுந்தைப் போல நடுத்தூண் இல்லாத, ஆனால் எஃகுக் கூரை கொண்ட வகை இது. போட்டி நிறுவனங்கள் இவ்வகையில் முந்திக்கொண்ட நிலையில், ஏற்கெனவே இருந்த உடற்கூட்டை மாற்றியமைத்தே இது விரைவில் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டது. முதலாண்டிலேயே ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. சட்டமில்லாத கதவுக் கண்ணாடிகள் கூரையோரத்து ரப்பர் வாரை நேரே அழுத்தி நிற்கவேண்டிய இவ்வகையில், நீர்த்தடை முழுவதும் கண்ணாடி எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதையே சார்ந்திருக்கிறது.

பின்னர் வில்லியம் கிளே ஃபோர்டு தலைமையில் அமைந்த கான்டினென்டல் பிரிவில் தலைமை உடற்கூட்டுப் பொறியாளரானார். 1956, 1957 ஆம் ஆண்டுகளுக்கான கான்டினென்டல் மார்க் 2 சுமார் 10,000 டாலர் விலையில் விற்கப்பட்டது. இருக்கைகளைத் தாழ்த்துவதற்காக இரு அச்சுகளுக்கு இடையே அடிச்சட்டமே கீழ்நோக்கி வளைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 3,000 வண்டிகளுடன், நட்டத்தில், அவ்வகை முடிவுற்றது.

காப்புரிமைக்குப் பின்

டி-கூரை கொண்ட முதல் அமெரிக்க உற்பத்தித் தானுந்து 1968 ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெட் ஆகும். முதலில் நடுத்தண்டு இல்லாத ஒரே பலகமாகவே அது திட்டமிடப்பட்டிருந்தது. உடற்கூடு முறுக்கியதால் தண்டு சேர்க்கப்பட்டது. பியூரிக் இருபதாண்டுகளுக்கு முன் கண்ட காரணமே அவர்களையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்தது எனலாம். அமெரிக்கச் சட்டப்படி அக்காலக் காப்புரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே பியூரிக்கின் காப்புரிமை 1968 ஜூனில் காலாவதியானது. 1968 ஆம் ஆண்டுக்கான கார்வெட் விற்பனைக்கு வந்தது 1967 இலையுதிர் காலத்தில். இவ்வடிவம் பெருகிப் பரவிய ஆண்டுகள் அனைத்தும் அவரது உரிமை முடிந்த பின்னரே வந்தன.

1970களில் ஹர்ஸ்ட் நிறுவனம், கட்டி முடித்த தானுந்துகளின் கூரையை வெட்டிக் கண்ணாடிப் பலகங்களைப் பொருத்தித் தரும் வேலையைத் தொடங்கியது. 1976 இல் பான்டியாக் டிரான்ஸ் ஆம் தானுந்தின் சிறப்புப் பதிப்பில் இவை இடம்பெற்றன. கசிவு இவற்றின் தீராத குறையாக இருந்தது. 1978 இல் ஜெனரல் மோட்டார்சின் ஃபிஷர் உடற்கூட்டுப் பிரிவு, கூரையைத் தொழிற்சாலையிலேயே இதற்கெனக் கட்டி, பெரிய பலகங்களுடன் இவற்றை மாற்றீடு செய்யத் தொடங்கியது. 2002 இல் கமாரோ, ஃபயர்பேர்டு தானுந்துகளின் உற்பத்தி நின்றதுடன் அமெரிக்காவில் டி-கூரை வழக்கொழிந்தது.

பழைய தானுந்துகளில் மாற்றியமைப்பு

தொழிற்சாலைகள் கைவிட்டாலும், பழைய தானுந்துகளின் கூரையைத் திறப்போரும் மாற்றுவோரும் இன்றும் உள்ளனர். 1950களின் கலிபோர்னியப் பட்டறைகளில் கூரையைத் தாழ்த்துவதும், தோற்றத்துக்காக ஓரப் பீலியை அறுத்துத் தேய்த்துவிடுவதும் பெருவழக்காயின. இரண்டிலும் மாறுவது நீரின் வழியே. பீலி நீங்கிய கூரையில் நீர் நேரே கதவிடுக்கில் இறங்கும். கதவு வாரின் உட்புறத்தில் புதிய காடி ஒன்று வைக்காவிட்டால் அது கதவின் உட்கூட்டை நிரப்பும்.

கூரையில் புதிதாகத் துளையிடும்போது குழாய் எங்கே போகும் என்பதே முதற்கேள்வி. பழைய வண்டிகளின் முகப்புத் தூண் உள்ளீடற்றதுதான். ஆனால் அதனுள் வலுவூட்டும் தகடுகளும் சில வண்டிகளில் மின்கம்பிகளும் உண்டு. குழாய் இடையில் எங்கும் மேலேறாமல் தொடர்ச்சியாக இறங்க வேண்டும். ஒரு சிறு தொய்வில் தேங்கும் நீரும் அதில் படியும் மண்ணும் குழாயை அடைத்துவிடும். கூர்மையான திருப்பத்தில் ரப்பர்க் குழாய் மடிந்து வழி மூடும். குழாயைக் கதவடியில் உள்ள பெட்டிச் சட்டத்துக்குள் விட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுவது அடிக்கடி நேரும் தவறு. அப்பெட்டியின் அடித்துளைகள், அடிப்பகுதிக்குப் பூசிய தார்க் காப்பினால் அடைபட்டிருக்கும். நீர் வெளியேறாமல் உள்ளிருந்தே எஃகை அரிக்கும். துரு வெளியே தெரியும்போது சட்டத்தில் பாதி போயிருக்கும். குழாயின் முனை பெட்டியைத் தாண்டித் தரைக்கு மேல் திறந்த வெளியில் முடிவதே பாதுகாப்பானது.

சோதிப்பதற்குக் குழல் கொண்டு நீரைப் பீய்ச்ச வேண்டியதில்லை. உள் அலங்காரத் துணியைப் பொருத்துவதற்கு முன், ஒவ்வொரு மூலையின் காடியிலும் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றி, அது எந்தக் குழாயின் வழியே எவ்வளவு நேரத்தில் வெளிவருகிறது என்று பார்க்கலாம். பிறகு வண்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறி உயர்த்தி அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஊற்றிய நீர் முழுவதும் வராவிட்டால், எஞ்சியது வண்டிக்குள் எங்கோ நிற்கிறது.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப் பின் பியூரிக் லாஸ் ஏஞ்சலீசில் இருந்த ஆர்ட் சென்டர் வடிவமைப்புக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் கற்பித்தார். "உருளும் சிற்பம்" என்னும் பொருள்படும் தலைப்பில் அவரது தன்வரலாற்று நூல் 1975 இல் வெளிவந்தது. 1979 இல் தம் பெயரிலேயே ஒரு தானுந்தை உருவாக்கும் முயற்சியிலும் பங்கேற்றார். 1990 ஜனவரி 22 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராஸ் பாயின்ட் வுட்சில் தமது 85 ஆம் வயதில் காலமானார்.

இண்டியானா மாநிலத்தின் ஆபர்ன் நகரில், ஆபர்ன் நிறுவனத்தின் பழைய தலைமையகக் கட்டடத்தில் 1974 இல் திறக்கப்பட்ட ஆபர்ன் கோர்ட் டியூசன்பர்க் அருங்காட்சியகத்தில் அவரது தானுந்துகள் பல காக்கப்படுகின்றன. டாஸ்கோவின் ஒரே முன்மாதிரியும் கழற்றும் கூரையுடன் அங்குதான் உள்ளது.